கல்லைப் பற்றித்தான் கேட்டேன்

பிள்ளை,

நாங்கள் சுகம், உன் சுகம் எழுது என்று தொடங்கினால் இந்தக் கடிதமும் மற்றக் கடிதங்களைப் போல ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆடு குட்டி போட்டது, அப்பாவுக்கு இருமல் குறைவு, மழையைக் காணவில்லை, மிச்சம் நேரில். அப்படி எழுதி எழுதி எத்தனையோ மிச்சங்களை நேரிலும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இந்த முறை ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பிழை கண்டால் சிவப்புப் பேனையைத் தூக்காதே. உன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளைப் போல நான் உனக்குப் பயந்தவள் இல்லை.

லீவுக்கு நீ படிப்பிக்கிற மலைநாட்டிலிருந்து வேலணைக்கு வந்து இறங்கிய அன்று, பையைக்கூடக் கீழே வைக்காமல் குசினி வாசலில் நின்று தண்ணீர் கேட்டாய். பின்வீட்டுப் பாக்கியக்காவிடமிருந்து அள்ளி வந்த நல்ல தண்ணீர் குடத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் செம்பில் வார்த்துத் தந்தேன். வாயால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படிச் சொன்னேன் என்று வைத்துக்கொள். தந்துவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தாய். ஒரு சுளிப்பு இல்லை. "இன்னும் கொஞ்சம் விடுங்கோ அம்மா" என்று செம்பை நீட்டினாய். அதையும் குடித்தாய். எங்கள் ஆடு மோந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டுவது போல் பார்க்கிற தண்ணீர் அது. லீவு முடியும்வரை நீயும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. செத்த வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைக்கிறவள் என்று ஊரெல்லாம் பேர் எடுத்த எனக்கு அந்தச் செம்பைப் பற்றி ஒரு பகிடி வரவில்லை.

ஓம், எங்கள் கிணறு உப்பேறிச் சவராகிவிட்டது. எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் அவ்வளவு பெரிய சொல்லாகவும் தெரியவில்லை.

நீ திரும்பிப் போன அன்று பஸ் வரும்வரை சந்தியில் நின்றபோதுதான் முதல் தடவையாகக் கிணற்றின் பேரை எடுத்தாய். "அம்மா, நான் வருசக் கடைசியில இஞ்ச மாற்றம் கேக்கப்போறன். கிணத்தை இப்பிடியே விட ஏலாது. ஆராவது ஒராள் நிண்டு பாக்கவேணும்" என்றாய். நான் வழக்கம்போல, "ஓம், கிணத்துக்கு ஒரு நேர்ஸ் தேவைதான்" என்றேன். நீ சிரித்தாய். பஸ் வந்தது, ஏறிவிட்டாய். வீட்டுக்கு நடந்து வருகிறபோது அந்தச் சிரிப்பு என் காலில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. மாற்றம் கிடைத்து நீ இங்கே வந்தால், அங்கே உன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற முத்தையா மாஸ்டர் என்ன செய்வார்? நீ என்னிடம் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதங்களில் மழைக்குக் குடை பிடிப்பவரும் முத்தையா மாஸ்டர், காய்ச்சலுக்கு மருந்து வாங்கி வருபவரும் முத்தையா மாஸ்டர், பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குபவரும் முத்தையா மாஸ்டர். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு வாத்தியாரே இல்லையா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். இந்தக் கிணற்றுக்காக நீ ஒருமுறை ஒன்றை விட்டாய். இப்போது இன்னொன்றையும் விடப் பார்க்கிறாய். அதற்கு முன் உன்னிடம் பேசவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதென்றால் கிணற்றையும் சேர்த்துத்தான் கொடுப்பது. மாப்பிள்ளை வந்து சேருவார், போவார், கோபித்துக்கொண்டு தாய் வீட்டில் இரண்டு நாள் இருப்பார். கிணறு அசையாது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அப்பா பெண் பார்க்க வந்தபோது என்னைப் பார்த்ததைவிடக் கூட நேரம் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார் என்று இன்றைக்கும் அவரைச் சீண்டுவேன். அவர் பார்த்ததில் பிழையும் இல்லை. கடற்கரைப் பக்கம் போகிற எங்கள் ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். ஒழுங்கையில் உள்ள எல்லா வீடும் குடிக்க எங்களிடம்தான் அள்ளினார்கள். பருப்புப் போட்டால் பூவாய் அவியும். சவுக்காரம் தேய்த்தால் நுரை கழுவ இன்னொரு வாளி வேண்டும். அப்பாவின் புகையிலைக்குத் துலாவால் இறைத்த பிறகும் அடுத்த நாள் விடிய அதே மட்டத்தில் நிற்கும்.

நீ பேராதனையில் பூமிசாத்திரம் படிக்கப் போய் முதல் லீவுக்கு வந்தது நினைவிருக்கிறதா? கிணற்றடியில் நான் உடுப்புத் தோய்க்கிறேன். நீ தண்ணீர் அள்ளித் தந்துகொண்டே கிணற்றுக் கட்டில் துருத்திக்கொண்டு நின்ற கல்லைத் தடவிப் பார்த்தாய்.

"அம்மா, இந்தக் கல்லு முழுக்க ஒரு காலத்தில கடலுக்கடியில கிடந்தது."

"இதைச் சொல்லவோ உவ்வளவு தூரம் றெயில் ஏறிப் போனனீ?"

"பகிடி விடாமக் கேளுங்கோ. மயோசீன் காலம் எண்டு சொல்லுறது."

"ஆர் அந்த மயோசீன்? எந்த ஊர்ப் பெடியன்? என்ன உத்தியோகம்?"

நீ சிரித்த சிரிப்பில் கயிறு கையிலிருந்து நழுவி வாளி கிணற்றோடு போய்விட்டது. அப்பா கொழுக்கி கட்டி எடுத்தார். அதன் பிறகு வீட்டில் பழசானதெல்லாம் மயோசீன் ஆனது. அப்பாவின் குடை மயோசீன். கால் ஆடுகிற கதிரை மயோசீன். பாக்கியக்காவின் மாமியாரையும் நான் அப்படிச் சொல்ல, நீ வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாய்.

ஆனால் நீ சொன்னதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மனிசர் என்று ஒரு கூட்டம் இல்லாத காலம். உலகம் இப்போதைவிடச் சூடு. எங்கள் தீவும் யாழ்ப்பாணமும் மன்னாரும் எல்லாமே ஆழமில்லாத இளஞ்சூட்டுக் கடல். பிள்ளை பெற்றவளுக்கு வார்க்கிற தண்ணீர் போலவா என்று கேட்டேன். அவ்வளவு இல்லை என்றாய். அந்தக் கடலில் சங்கும் சிப்பியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் பிறந்து செத்து, அவற்றின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து அமுங்கி இறுகினதுதான் நாங்கள் வீடு கட்டி இருக்கிற இந்தக் கல் என்றாய். பிறகு உலகம் மெல்ல மெல்லக் குளிர்ந்து, எங்கேயோ தூரத்தில் பனி மலையாகச் சேர்ந்து, கடல் இறங்கியும் ஏறியும் விளையாடி, ஒரு காலத்தில் இங்கிருந்து இந்தியாவுக்கு நடந்தே போகலாம் என்கிற அளவுக்கு வற்றியதாம்.

"நடந்தே போகலாமோ? அப்ப காலமை வேதாரணியத்துக்குப் போய்ச் சீலை எடுத்துக்கொண்டு பின்னேரம் திரும்பலாம்."

"சீலை உடுக்கிற ஆக்கள் அப்ப இல்லை அம்மா."

அந்தக் கல்லில் ஒரு சங்கு பதிந்திருந்ததைக் காட்டினாய். நகத்தளவு. உள்ளே சுருள் சுருளாகத் தெரிந்தது. கலியாணமான நாள் தொடக்கம் அதன்மேல்தான் வாளியை வைத்தேன், ஒருநாளும் கண்டதில்லை. அப்போது நான் பகிடி இல்லாமல் ஒன்று கேட்டேன். இதற்குள் இருந்த பூச்சிக்குத் தன் கடல் போகப்போகிறது என்று தெரிந்திருக்குமா? நீ யோசித்துத்தான் பதில் சொன்னாய். "தெரியாது அம்மா. அதின்ர சீவியத்துக்குள்ள கடல் அப்பிடியேதான் இருந்திருக்கும். மாறினது அதுக்குத் தெரியாது." நீ அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாளியை இறக்கினாய். எனக்கு அன்றைக்கு அடுப்படியில் வேலை ஓடவில்லை.

இன்னொன்றும் அன்றைக்கே சொல்லித் தந்தாய். மழைத் தண்ணீர் இந்தக் கல்லின் ஓட்டைகளுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீருக்கு மேலே பாலில் ஆடை போல மிதக்கிறது. துலாவால் மெல்ல மெல்ல ஆடையை எடுக்கலாம். ஆழக் கிண்டி அவசரப்பட்டு இறைத்தால் அடியில் இருப்பது மேலே வரும். பால் காய்ச்சுகிறவளுக்கு இது விளங்காதா? விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அதுதான் பிறகு வந்த வில்லங்கம்.

நீ படித்து முடித்து வந்த ஆண்டு மிளகாய் பொன் விலை விற்றது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்று, மண்ணைக் கண்டவன் எல்லாம் கன்று நட்டான். துலாவைக் கழற்றி விறகாக்கிவிட்டுத் தண்ணீர் இறைக்கிற மிசின் பூட்டினார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் தவராசா என்ற பெடியன், விவசாயத்தில் கெட்டிக்காரன், படித்தவன், அடக்கமானவன் என்று சம்பந்தம் வந்தது. தாயும் மாமனும் பெடியனுமாக வந்தார்கள். நீ மாம்பழ நிறச் சீலை உடுத்திருந்தாய். வழக்கமாக ஒற்றைப் பின்னல் பின்னி முதுகில் எறிகிறவள் அன்றைக்குக் கொண்டை போட்டுப் பூ வைத்திருந்தாய். நான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன், வெட்கப்படாதே.

மாமன்காரர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். எட்டிப் பார்த்தார். ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டார்.

"தண்ணி தேன் மாதிரித்தான். ஆனா ஆழம் காணாது. வெடி வைச்சு இறக்கி, ஒரு மிசினைப் பூட்டினால் பின்வளவு முழுக்க மிளகாய் வைக்கலாம்."

கோப்பைகளை எடுக்க வந்த நீ நின்றுவிட்டாய். "இறக்கினால் உப்புத் தண்ணி வரும்" என்றாய்.

"பிள்ளைக்குப் பேராதனையில கிணறு வெட்டவும் படிப்பிக்கினமோ?" என்று அவர் சிரித்தார்.

பெடியன் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு இறக்கலாம்?" என்று உன்னையே கேட்டான். "இறக்கவே கூடாது" என்று சொல்லி நீ அவனுக்குக் கல்லைக் காட்டினாய், சங்கைக் காட்டினாய், ஆடைக் கதையைச் சொன்னாய். அவன் கைகட்டிக்கொண்டு கேட்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் பாடம் நடத்திய பெண்ணும் பாடம் கேட்ட மாப்பிள்ளையும் எங்கள் தீவில் நீங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். தாய்க்காரிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை பிடித்திருக்கிறது. கிணற்றை இறக்கித் தருவதென்றால் நாள் பார்க்கலாம். இல்லையென்றால் குறை நினைக்கவேண்டாம்.

அப்பா, "கிணறு உம்மட சீதனம். நீர்தான் சொல்லவேணும்" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். இதை ஒவ்வொரு சொல்லாக எழுதவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம்.

"இறக்கினால் கட்டாயம் உப்பாகுமோ?"

"கட்டாயம் எண்டு சொல்ல ஏலாது அம்மா. இந்தக் கல்லு எல்லா இடமும் ஒரு மாதிரி இல்லை. ஆனா ஒருக்கா உப்பு வந்தால் திரும்ப எங்கட காலத்தில நல்ல தண்ணி வராது."

"ஒழுங்கையில இருக்கிற சனம் எல்லாம் இதைத்தானே குடிக்குது."

"ஓம்."

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லி அனுப்பட்டோ?"

நீ அரிசியைப் பார்த்துக்கொண்டே, "உங்கட கிணறு" என்றாய்.

நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதில் பிழை இல்லை, இன்றைக்கும் சொல்கிறேன். ஒழுங்கையில் எல்லோரும் குடிக்கிற தண்ணீரை என் பிள்ளையின் கலியாணத்துக்காகப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் கேட்ட கேள்விகளைத் திரும்பப் படித்துப் பார். கல்லைப் பற்றிக் கேட்டேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். சனத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெடியனை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்கிறாயா? கிணற்றை இறக்காமல் வேறு வழி பேசிப் பார்த்திருக்கலாம். பெடியனைத் தனியே கூப்பிட்டுக் கதைத்திருக்கலாம். ஒன்றும் சரிவராமல் போயிருந்தாலும், உன் பக்கத்தில் இருந்து கொஞ்சம் அழுதிருக்கலாம். நீ ஓம் என்று சொல்லிவிடுவாய் என்ற பயத்தில்தான் கேட்காமல் விட்டேனோ என்றும் சில நேரம் நினைப்பேன்.

அடுத்தது உனக்குத் தெரியும். எங்கள் வளவுக்குப் பின்னால், றோட்டுப் பக்கம் இருக்கிற பாக்கியக்கா தன் மகள் மல்லிகாவுக்கு அந்தச் சம்பந்தத்தைப் பேசினார். அவர்களின் கிணற்றில் வெடி வைத்தார்கள். எங்கள் குசினியில் சட்டி அதிர்ந்தது. நீ வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இனி நான் எழுதுவது உனக்குத் தெரியாது. கலியாணம் முடிந்து மிசின் ஓடத் தொடங்கிய பிறகு, பாக்கியக்காவிடம் ஏதோ இரவல் கேட்கிற சாட்டில் அவர்கள் கிணற்றடிக்குப் போனேன். குழாயால் வந்த தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்தேன். பிள்ளை, அது உப்பாக இருக்கவேண்டும் என்று நான் கும்பிட்டுக்கொண்டு போனேன். உப்பாக இருந்தால் நீ சொன்னது சரி, நான் செய்தது சரி, எல்லாம் சரி. அது இனித்தது. எங்கள் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

"எப்பிடித் தங்கச்சி எங்கட தண்ணி?" என்று பாக்கியக்கா பின்னால் நின்று கேட்டார்.

"சீனி போட்டனீங்களோ அக்கா?" என்றேன். அவர் பூரித்துப் போனார். நான் வீட்டுக்கு வந்து, இன்னொரு வீட்டுக் கிணறு உப்பாகவேண்டும் என்று கேட்ட வாயைக் கொப்பளித்தேன்.

அதன் பிறகு உனக்கு எதுவும் பொருந்தவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் யாரோ ஒருவர், "அந்தப் பிள்ளை கொஞ்சம் வாய்" என்று முன்னமே சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் எங்கள் கிணற்றில் குடித்தவர்கள்தான். நானோ பகிடியை விடவில்லை. உனக்கு முதல் நரை கண்டபோது மயோசீன் தொடங்கிவிட்டது என்றேன். நீ சிரித்தாய். நீ எல்லாவற்றுக்கும் சிரித்தாய். மலைப் பக்கம் வேலை கிடைத்தபோது அவ்வளவு தூரத்தை மறுப்பாய் என்று நினைத்தேன். மறு வாரமே பெட்டி கட்டினாய். சிரிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, பிள்ளை. எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். உனக்கும் அந்த வாய் கொஞ்சம் வந்திருக்கிறது. அதை யாரிடமும் இருந்து எதையும் மறைக்கப் பாவிக்காதே.

உப்பு எப்போது வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருநாள் பருப்பு அவியவில்லை. கடைக்காரனைத் திட்டினேன். பிறகு சவுக்காரம் நுரைக்கவில்லை. சவுக்காரத்தைத் திட்டினேன். அப்பாவின் புகையிலை இலை ஓரம் கருகியது. அவர் வெயிலைத் திட்டினார். யார்மேலாவது பழி போட ஆள் இருந்தவரைக்கும் கிணறு நல்லதாகவே இருந்தது. கடைசியில் ஒழுங்கைச் சனம் ஒவ்வொரு வீடாக வராமல் விட்டது. ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒரு விடியற்காலை கிணற்றடியில் நான் மட்டும் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் கிணற்றை ஒரு விரல்கூட நாங்கள் இறக்கவில்லை. ஆனால் கல்லுக்குள்ளே மதில் இல்லையே. பாக்கியக்கா வளவு உள்ளுக்கு, நாங்கள் கடலுக்குக் கிட்ட. அங்கே மிசின் இழுக்க, இங்கே எங்கள் காலுக்கு அடியால் கடல் நடந்து போயிருக்கிறது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நீ எப்போதோ சொன்னதை வைத்து நானே பிடித்துக்கொண்டேன். கிணற்றைக் காப்பாற்றப் பிள்ளையின் கலியாணத்தை விட்டோம். பிள்ளையும் தனியே நிற்கிறாள், கிணறும் போய்விட்டது.

இப்போது குடிக்க அவர்கள் வீட்டில்தான் அள்ளுகிறேன். தவராசாதான் மிசின் குழாயை என் குடத்துக்குத் திருப்பி விடுவான். போன கிழமை நான் குடத்தைத் தூக்கும்போது சொன்னான்:

"மாமி, எங்கடயிலயும் இப்ப பின்னேரத்தில வாற தண்ணி கொஞ்சம் கரிக்குது. அவ அண்டைக்குச் சொன்னது சரி. இனிக் காலமையில மட்டும்தான் இறைக்கிறதெண்டு இருக்கிறன்."

"மாமி எண்டு கூப்பிடத்தானே அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்தனீர்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. பகிடி என்றுதான் நினைத்தேன். அவன் குழாயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்துகொண்டு நின்றான். உள்ளே மல்லிகா பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். குடம் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. நல்ல மனிசன் அவன், பிள்ளை. அன்றைக்கும் நல்லவன்தான். அதை நீயும் அன்றைக்கே கண்டிருந்தாய் என்பதுதான் எனக்கு இவ்வளவு காலம் பிடித்து விளங்கிய விஷயம்.

நீ பஸ் ஏறிப் போன பின்னேரம் முத்தையா மாஸ்டரைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு வழக்கறிஞரைப் போல அடுக்கினேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளை. இங்கே ஒருவரும் ஒப்பமாட்டார்கள். என் தமையன் வாசலுக்கும் வரமாட்டார். அந்தப் பெடியன் இங்கே வந்து இருக்கப்போவதும் இல்லை, பிறகு வீடு வளவு எல்லாம் என்ன ஆவது? அப்பா புகையிலை நாரைக் கிழித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் சொல்லி முடித்து நான் மூச்சு வாங்கியபோது கேட்டார்:

"பிள்ளைக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?"

"அது தெரியாது. அவள் ஒண்டும் சொல்லேல்லை."

"நீர் கேட்டனீரோ?"

நான் சீலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"அப்பவும் கேக்கேல்லை" என்றார். அவ்வளவுதான். கலியாணம் கட்டிய நாள் முதலாக என்னை வாயடைக்க வைக்க முடியாத மனிசன். எழுந்து மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

நீ மாற்றம் கேட்டு வந்தால் கிணறு நல்லதாகுமா? திரும்ப எங்கள் காலத்தில் வராது என்று சொன்னவளே நீதான். மிசினைக் குறைக்கலாம், மழைத் தண்ணீரை வளவுக்குள் மறித்துக் கிணற்றில் விடலாம் என்று நீ லீவில் அப்பாவோடு கதைத்ததை நானும் கேட்டேன். அதை நீ எழுதி அனுப்பு. செய்வதற்கு இங்கே கை கால் உள்ள ஆட்கள் இருக்கிறோம். தவராசாவும் செய்வான், செய்யட்டும். கல் தன் பாட்டில் இருக்கும், அதற்கு வயது போவதைப் பற்றிக் கவலை இல்லை. உனக்கு முப்பது தாண்டிவிட்டது. நான் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைக் காணாமல் இருந்தவள்.

ஊர் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குத்தானே கடவுள் எனக்கு இந்த வாயைத் தந்தார். என் தமையனுக்குச் சொல்ல இப்போதே நாலு கதை ஆயத்தமாக வைத்திருக்கிறேன். அவர் வராவிட்டால் ஒரு வாழை இலை மிச்சம். முத்தையா மாஸ்டரின் தாயோடு எப்படிக் கதைப்பது என்றுதான் கொஞ்சம் பயம். மலையில் குளிருக்குள் கொழுந்து எடுத்துப் பிள்ளையை வாத்தியாராக்கினவவுக்கு முன்னால் என் பகிடி எடுபடுமோ தெரியாது. எடுபடாவிட்டால் பேசாமல் இருந்து பழகுகிறேன்.

ஆகவே கேட்கிறேன். அவரை உனக்கு விருப்பமா? நான் தனியே போய்விடுவேன், அப்பாவுக்கு இருமல், வீட்டுக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் வேறு கணக்கு, அதை இதற்குள் சேர்க்காதே. விருப்பமில்லை என்றால் அதையும் எழுது, மாற்றம் கேட்டு வா, வந்த பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன விசரா? விருப்பம் என்றால் மாற்றம் கேட்காதே. சிரித்து மழுப்பி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். இவ்வளவு காலம் கழித்துக் கேட்கிறவளுக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று கோபித்தாலும் நியாயம்தான். எனக்கு எழுத மனம் வராவிட்டால் அப்பாவின் பேருக்கு எழுது. கேட்டவர் அவர். நான் அவர் சொல்ல எழுதினவள்.

அம்மா